தம்பிக்கு வாங்கிய கீபோர்டு

குவைத்தில் நான் டிரைவர். ஊருக்கு வரும்போது ஒரு கீபோர்டு வாங்கி வரச் சொல்லித் தம்பி வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பொம்மிடிப் பக்கம் எங்கள் ஊர் மாதா கோயிலில் பாடல் குழுவுக்கு வாசிப்பவன் அவன்தான். அங்கிருந்த பழைய கீபோர்டில் பாதிக் கட்டைகள் பேசாது. பேசாத கட்டை வரும் இடங்களில் இவனே வாயால் பாடி ஒப்பேற்றுவான். வாரம் முழுக்க அவனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஊருக்கு ஓடி வந்துவிடுவான்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்ததும், வாங்குவதுதான் வாங்குகிறோம் என்று பெரியதாகவே வாங்கினேன். குவைத் ஏர்போர்ட்டில் எடை அதிகம் என்றார்கள். சொந்தக்காரர்களுக்கு வாங்கிய பால் பவுடர், சென்ட் பாட்டில் எல்லாவற்றையும் வழியனுப்ப வந்த, ரூமில் என்னோடு தங்கியிருப்பவரிடமே கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு வாங்கிய கம்பளியைக் கொடுக்கும்போது மட்டும் மனசு உறுத்தியது.

சென்னையில் சுங்க அதிகாரி என் அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் ஓரமாக நிற்கச் சொன்னார். நைலான் கயிறு கட்டி, நான்கு பக்கமும் பேரும் ஊரும் எழுதிய பெட்டி. கூலிக்குப் போய்த் திரும்புகிறவன் என்று அதுவே சொல்லிவிடும். சக்கரம் வைத்த சூட்கேஸ்காரர்கள் எல்லாம் கைவீசிப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"விக்கறதுக்கா?"

"இல்லைங்க சார். வூட்டுக்குத்தானுங்க."

"வாசிப்பியா? எங்க, வாசி பார்க்கலாம்."

கயிற்றை அவிழ்த்து, மேசையில் வைத்துக் கரண்டும் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டின் முதல் வரி, அதுவும் தம்பி சொல்லிக் கொடுத்தது. ஒற்றை விரலால் தட்டினேன். பாதியில் தப்பிவிட்டது. வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள்.

"எனக்கு வராதுங்க சார். தம்பிக்குத்தான் வாங்கியாந்தேன். அவனுக்குப் பத்து வெரலும் ஓடும்."

அதிகாரி பில்லைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "சரி போ. தம்பிய நல்லா வாசிக்கச் சொல்லு" என்று விட்டுவிட்டார். கயிற்றை நானே இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவர் சொன்னதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று ரயிலில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

பொம்மிடி ஸ்டேஷனுக்குத் தம்பி வரவில்லை. சித்தப்பாதான் வந்திருந்தார். அவனுக்குக் காய்ச்சல் என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டில் தம்பி வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். காய்ச்சல்காரன் மாதிரி தெரியவில்லை. துண்டை விலக்கிப் பார்த்தேன். கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது.

ஆடி மாதத்தில் ஒருநாள் கையை எடுப்பதற்குள் மெஷின் இறங்கிவிட்டிருக்கிறது. "வண்டி ஓட்டறவன், கேட்டா மனசு கலங்கிருவன்னு நாந்தான் சொல்ல வாணாம்னேன்" என்று அம்மா அழுதாள். வெளிநாட்டில் இருப்பவனுக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். என் வீட்டில் மறைத்தார்கள். வீடியோ காலில் தம்பி முகத்தை மட்டும் காட்டியிருக்கிறான். போன வாரம்கூட, கீபோர்டு வாங்கிவிட்டாயா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அது நினைவுக்கு வந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"அம்மா சொல்லலன்னா போவுது. கீபோர்டு வாணாம்னு நீயாச்சும் சொல்லியிருக்கலாமில்லடா? எதுக்குடா கேட்டுக்கிட்டே இருந்த?"

அவன் பெட்டியின் கயிற்றை இடது கையால் அவிழ்க்கப் பார்த்தான். நான் போட்ட முடிச்சு அவிழவில்லை.

"வாணாம்னு சொன்னா, நெசமாவே வாங்காத வந்துருவியேண்ணா" என்றான்.

நான் அடுப்படிக்குப் போய் அரிவாள்மணையை எடுத்து வந்து கயிற்றை அறுத்தேன்.