குடிலில் செட்டியார்

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வரும் மூன்று ராஜாக்களில் ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பொன், தூபம், வெள்ளைப்போளம் எதுவும் அவரிடம் கிடையாது. அரிசி, பருப்பு, மிளகாய் உண்டு. மனைவியையும் கையோடு கூட்டி வந்திருக்கிறார். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்த்து, கொஞ்சம் யோசித்து, எதற்கு வம்பென்று கேக்கைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. அப்பா ராணுவத்தில் இருந்தார். அந்த வருஷம் அவரை எல்லையில், பனிமலை மேல் ஒரு காவல் நிலைக்கு அனுப்பியிருந்தார்கள். நானும் அம்மாவும் வேளச்சேரியில் ஒரு தரைத்தள வாடகை வீட்டில் இருந்தோம். டிசம்பர் தொடக்கத்தில் பெய்த மழையில் வீட்டுக்குள் என் கழுத்தளவு தண்ணீர் வந்துவிட்டது. மொட்டை மாடியில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் படகில் ஏற்றிக் கொண்டுபோய் மேட்டில் விட்டார்கள். அங்கிருந்து ராஜா அண்ணாமலைபுரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மா காப்பாற்றிக் கொண்டுவந்தது என்னையும் ஒரு பை சர்டிஃபிகேட்டுகளையும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் போன் பெரியப்பா நம்பருக்கு வந்தது. வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து நிமிஷம், அதிலும் பாதி கொரகொரப்பு. அம்மா சிரித்த குரலில் பேசினாள். "சும்மாதாங்க அக்கா வீட்டுக்கு வந்தோம். பலகாரம் சுடணும்ல. மழையா? வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துச்சு, போயிடுச்சு." பக்கத்தில் நின்ற எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஃபிரிட்ஜ் ஹாலில் மிதந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். அதைச் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன், அம்மாவின் கை வந்து பொத்தியது.

போனை வைத்ததும் என்னை உட்கார வைத்துச் சொன்னாள். "அப்பா நிக்கிற எடத்துல ஒரு அடி தப்பா வச்சா போச்சு. மனசு இங்க இருந்துச்சுன்னா கால் அங்க வழுக்கும். அவர் கீழ எறங்கி வர்ற வரைக்கும் தண்ணி வந்த கதை அவர் காதுக்குப் போகக் கூடாது. புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. நான் ஃபிரிட்ஜ் என்று சொன்னால் அப்பா மலையிலிருந்து விழுந்துவிடுவார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தச் சொல்லையே நான் வாயால் சொல்லவில்லை. பெரியம்மா தண்ணீர் பாட்டில் எடுத்து வரச் சொன்னால்கூட, "அந்தப் பெட்டியில இருந்தா?" என்றுதான் கேட்பேன்.

ஆனால் பார்சல் ஒன்று இருந்தது. அப்பா எங்கே இருந்தாலும் டிசம்பர் பத்தாம் தேதிக்குள் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பார்சல் கிளம்பிவிடும். சுருட்டிப் பொரித்த கல்கல், அச்சு முறுக்கு, உலர்பழம் போட்ட சின்ன கேக், இவற்றோடு ஒரு போட்டோ. புது கவுன் போட்டுக்கொண்டு, ஹாலில் பச்சை ஸ்கிரீன் முன்னால், குடிலுக்குப் பக்கத்தில் நான் நிற்கும் போட்டோ. நான் எவ்வளவு வளர்ந்திருக்கிறேன் என்று குடிலின் கூரையை வைத்து அப்பா கணக்குப் பார்ப்பாராம். போட்டோ போகாவிட்டால் அவருக்குச் சந்தேகம் வரும். போகவேண்டுமானால் குடில் வேண்டும், பச்சை ஸ்கிரீன் வேண்டும். இரண்டும் வேளச்சேரிச் சேற்றில் கிடந்தன. பலகாரத்தை எந்த அடுப்பிலும் சுட்டுவிடலாம், வீட்டுக்கு எங்கே போவது என்று அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பெரியப்பா மயிலாப்பூர் சபாக்களில் நாடகங்களுக்கு செட் போடுகிறவர். முதல் காட்சியில் அரண்மனையாக இருந்ததை இடைவேளைக்குள் போலீஸ் ஸ்டேஷன் ஆக்கிவிடுவார். அவருக்கு இது உற்சாகமாகிவிட்டது. "ஹாலு முழுக்க எதுக்கும்மா? பாக்குறவன் கண்ணு ஒரே எடத்துலதான் நிக்கும். அத மட்டும் ஒழுங்கா வை. மிச்சத்த எல்லாம் ஸ்கிரீன் போட்டு மூடு" என்றார். பெரிய தத்துவம் கேட்டதுபோல நான் அதை மனப்பாடம் செய்துகொண்டேன்.

கீழே தையல் கடை வைத்திருந்த பாயிடம் ஸ்கிரீனுக்குப் போனோம்.

"இன்னா பச்ச பாப்பா அது? கிளிப்பச்சயா, பாசிப்பச்சயா?"

"எங்க வீட்டுப் பச்சை" என்றேன்.

பாய் இருந்த பச்சையை எல்லாம் விரித்துப் போட்டார். ஒன்றும் சேரவில்லை. கடைசியில் அவர் கடையில், அளவெடுக்கும் இடத்தை மறைத்துத் தொங்கிய திரையையே நான் கைகாட்டினேன். அவர் உடனே ஸ்டூலைப் போட்டு ஏறி அதைக் கழற்றினார். "எட்த்துக்கினு போ. நாலு நாள் எவனும் அளவெடுக்க வராம போனா இன்னா இப்போ? அங்க பனியில நின்னுக்கினு கீறாரு அந்த மனுசன்." கவுனுக்கும் துணி அவரே போட்டுத் தைத்தார். அம்மா எவ்வளவு கேட்டும் கூலி வாங்கவில்லை.

குடில் பொம்மைகளுக்கு மாடி வீட்டு மாமி இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பரண் மேலிருந்து கொலுப் பெட்டியை இறக்கச் சொன்னார். நவராத்திரி முடிந்து துணி சுற்றிப் படுக்க வைத்த பொம்மைகளை அடுத்த வருஷம்தான் எழுப்புவது அவர்கள் வழக்கம். "பரவாயில்லை, நல்ல காரியத்துக்குத்தானே தூக்கம் கெடறது" என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

மரப்பாச்சி ஜோடி சூசையப்பரும் மாதாவும் ஆனார்கள். பாய் மாதாவுக்கு நீலத்தில் முக்காடும் சூசையப்பருக்குக் காப்பிக்கொட்டை நிறத்தில் அங்கியும் தைத்துக் கொடுத்தார். கிருஷ்ணன் செட்டிலிருந்து பசுவும் கன்றும் வந்தன. கல்யாண செட்டிலிருந்து நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் இரண்டு ராஜாக்களாக வந்தார்கள். மூன்றாவது ராஜாவுக்குத் தொப்பையும் மிடுக்கும் இருந்த ஆள், கொலுவில் மளிகைக் கடை வைக்கும் செட்டியார்தான். அவரை மட்டும் எடுக்கப் போனபோது மாமி தடுத்தார். "செட்டியாரைத் தனியா அழைச்சுண்டு போகப்படாதும்மா. எங்காத்துல அவா ரெண்டு பேரும் பிரிஞ்சு இருந்ததே இல்லை." அம்மா ஒரு கணம் மாமியையே பார்த்தாள். பிறகு செட்டியாரம்மாவையும் வாங்கி முந்தானையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். குழந்தை இயேசு இருபத்துநான்காம் தேதிதான் தொட்டிலுக்கு வருவார் என்பதால் அந்தக் கவலை இல்லை.

பெரியப்பா தெர்மாகோலில் கூரை போட்டார். மருந்துக் கடையிலிருந்து பஞ்சு வாங்கிக் கூரை மேல் பிய்த்துப் போட்டோம். பனியில் நிற்கிற மனிதருக்குப் பஞ்சால் பனி செய்து அனுப்புகிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா மட்டும் குடிலின் உயரத்தைப் பழைய நினைவில் ஜாண் போட்டு அளந்து சரி பார்த்தாள். பாய் கடைத் திரை, மாமி வீட்டு பொம்மை, கடன் வாங்கிய சுவர், இவற்றின் முன்னால் நின்று நான் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தேன். லஸ் முனை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு பார்சலில் வைத்தோம். அது அப்பாவைச் சேரும் வரை தினமும் ஜெபம் செய்தேன், அவர் செட்டியாரைப் பார்த்துவிடக் கூடாது என்று.

ஜனவரி நடுவில் அப்பாவின் கடிதம் வந்தது. கல்கல் ஒன்றுகூட உடையாமல் வந்ததாம். பஞ்சாப்காரர் ஒருவர் அதைச் சிப்பி என்று நினைத்தாராம். போட்டோவில் நான் கூரையைத் தாண்டிவிட்டேனாம். "குடில் இந்த வருஷம்தான் ரொம்ப அழகு" என்று எழுதியிருந்தார். செட்டியாரைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் துள்ளிக் குதித்தேன். பெரியப்பா தன் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார்.

கூடவே ஒரு போட்டோவும் இருந்தது. அவர்கள் அங்கே கிறிஸ்துமஸ் கொண்டாடியது. பின்னால் ஒரு சாம்பல் நிறக் கம்பளி தொங்க, அதில் காகித நட்சத்திரங்கள் குத்தியிருந்தார்கள். ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். நடுவில் அப்பா மட்டும் நாற்காலியில், மடியிலிருந்து தரை வரை போர்வை போர்த்தி, எங்கள் கேக்கை ஏந்திக்கொண்டு சிரித்தார். "பாத்தியா, உங்கப்பனை ராஜா கணக்கா உக்கார வச்சிருக்காங்க!" என்றார் பெரியப்பா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா போட்டோவை வாங்கி, ஓரங்களையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "மாடியில துணி கெடக்கு, எடுத்துட்டு வர்றேன்" என்று போனாள்.

ஈஸ்டருக்கு அப்பா பெரியம்மா வீட்டுக்கே வந்தார். புது ஷூ கடிக்கிறது என்று காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். வந்த அன்றே, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து மாடி ஏறி, மாமியிடம் ஒரு பொட்டலம் வாதுமைப் பருப்பு கொடுத்தார். "உங்க செட்டியாருக்கு, மாமி. கடையில வச்சுக்கட்டும்" என்றார். மாமி உள்ளே போய் செட்டியாரையும் செட்டியாரம்மாவையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். இனி உங்காத்துலயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். இடது காலில் மூன்று விரல்கள் இல்லாததை அப்பா ஷூவைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். பனி கடித்தது என்றார்கள்.

இரண்டு போட்டோக்களும் இன்று என் ஆல்பத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அப்பாவின் போட்டோவில், கம்பளியின் அடியில், வலது ஓரத்தில் சக்கரம் வைத்த இரும்புக் கட்டில் கால் ஒன்று தெரிகிறது. மலை உச்சியில் யாரும் சக்கரக் கட்டிலில் படுப்பதில்லை. அது ஆஸ்பத்திரி வார்டு. திரை கட்டுவதில் கைதேர்ந்தவள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த எனக்கு அது அப்போது கண்ணில் படவில்லை.

கடிதம் வந்த அன்று, துணி எடுக்கப் போன அம்மா வெகுநேரம் வராததால் நான் தேடிக்கொண்டு மாடிக்குப் போனேன். துணிகள் கொடியிலேயே கிடந்தன. அவள் தரையில், சுவரில் சாய்ந்து, போட்டோவை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "துணி இன்னும் காயலடி, அதான்" என்றாள்.

நான் ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் அப்பளம் மாதிரி மொடமொடவென்று இருந்தது. காய்ந்த துணியும் ஈரத் துணியும்கூட இந்த அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று சலித்துக்கொண்டு, எல்லாவற்றையும் நானே எடுத்து மடித்தேன்.