அப்பா முன்னால் கேட்ட கேள்வி

எழுபதுகளில், வயதுக்கு வந்த பெண்களின் உடல்நலம் பற்றிய ஆய்வுக்காகக் காஞ்சிபுரத்தில் வீடு வீடாகப் போனேன். பெண்ணைத் தனியாக அழைத்துத்தான் கேட்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்று இன்னும் ஏழெட்டு வீடு பாக்கி. அவசரப்பட்டேன்.

அந்த வீட்டில் தாயில்லாத சரசாவும் அவள் அப்பாவும் எதிரெதிர்த் தறிகளில் இருந்தார்கள். அவள் நெய்துகொண்டிருந்தது அம்மனுக்குச் சாத்தப்போகிற பட்டுப்புடவை.

"மூணு மாசமா ஒரு நாள்கூட தறியை விட்டு எறங்கலைமா எம்பொண்ணு" என்றார் அப்பா, பெருமையாக.

மாதவிலக்கான பெண்கள் அந்தத் தெருவில் தறிப்பக்கமே போகமாட்டார்கள். யோசிக்காமல் கேட்டுவிட்டேன்: "அப்போ மூணு மாசமா நீ தூரமாவலையாம்மா?"

அப்பாவின் தறி நின்றது. அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார்.

வாசல் வரை வந்த சரசா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாசா மாசம் ஆவுதுக்கா. ஆடிக்குள்ள முடிக்கணும்னு அப்பா தவிச்சிக்கினு இருந்தாரு. அதான் மறைச்சி நெய்ஞ்சேன். இப்போ நெஜத்தைச் சொன்னா அம்மன் பொடவையத் தீட்டாக்கினவ. சொல்லலைன்னா..."

"சரசா, கதவைச் சாத்திட்டு வா." உள்ளேயிருந்து அப்பாவின் குரல்.

நான் அடுத்த வீட்டுக்குப் போனேன். மறுவாரம் அந்தக் கதவில் பூட்டுத் தொங்கியது. எங்கே போனார்கள் என்று தெருவில் யாரும் சொல்லவில்லை.

அவள் பக்கத்து உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். கேள்வியை அத்தனை சத்தமாகக் கேட்ட எனக்கு, பதிலைச் சொல்ல வாய் வரவில்லை.