உடுக்கையின் இடுப்பில் இருந்த பேர்

இருசப்பன் உடுக்கையை எடுத்தால் பேய் ஓடும் என்று உத்திரமேரூர் வட்டாரத்தில் சொல்வார்கள். மாகறல் வரைக்கும் கூப்பிட்டுப் போவார்கள். ஆனால் சட்டைப் பையில் பேனா செருகிய ஆள் எதிரே வந்தால் அந்த மனுஷனுக்குக் கைகால் உதறும். ரேஷன் கடைக்குக்கூட மனைவி பரிமளாவைத்தான் அனுப்புவார். பேயைவிட கவர்மெண்ட் பெரிது என்பது அவர் கட்சி. அதில் எனக்கும் மறுப்பில்லை.

போன ஆடியில் கூழ் ஊற்றும்போது நந்தகுமார் வந்தார். பழைய வாத்தியங்களை யார் செய்தது, எப்போது செய்தது என்று ஊர் ஊராகத் தேடுகிறவர். இருசப்பனின் பித்தளை உடுக்கையை வாங்கிப் பார்த்தார். அதன் இடுப்பில் சுற்றியிருந்த மஞ்சள் துணிக்கடியில் தேய்ந்த எழுத்துகள் தெரிந்தன.

"காப்பு கட்டிக்கினு கீறேன் சார். துணிய அவுக்கக் கூடாது."

ஓரத்தை மட்டும் தூக்கிப் படமெடுத்துக்கொண்டார் நந்தகுமார். "நூறு வருஷத்துக்கு மேல இருக்கும் ஐயா. காப்பு அவுத்ததும் வந்து முழுசாப் படிக்கிறேன்."

அவர் போனதும் கோயில் தர்மகர்த்தா வீராசாமி வந்தார். "அவ்ளோ பழசுன்னா கோயில் சாமானாத்தான் இருக்கும். அம்மன் பேரு இருந்துச்சின்னா ஒழுங்கா குடுத்துடு. இல்லாங்காட்டி போலீசு வரும்."

உடுக்கை தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருப்பது இருசப்பனுக்குத் தெரியும். தாத்தாவுக்கு எப்படி வந்தது என்பது தெரியாது. எழுதப் படிக்கவும் தெரியாது. அது போனால் பிழைப்பு போச்சு. வேறு உடுக்கைக்கு அம்மன் இறங்குவாளா என்பதும் சந்தேகம். சோறு இறங்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் கொல்லைப்பக்கம் போய் நின்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேயோட்டியும் அதற்கு விலக்கில்லை.

பரிமளா களையெடுக்கப் போன ஒரு மத்தியானம், காப்போடேயே துணியை அவிழ்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். உப்புத்தாளைத் தண்ணீரில் தொட்டு, எழுத்து இருந்த இடம் வழவழப்பாகும்வரை தேய்த்துவிட்டு, துணியை மறுபடி சுற்றினார். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

சொன்னபடி நந்தகுமார் லென்ஸோடு வந்தார். கோயில் சாமானா இல்லையா என்று கேட்டுக்கொண்டு வீராசாமியும் வந்து நின்றார்.

"படத்துல முதல் வரியப் படிச்சிட்டேன் ஐயா. காஞ்சிபுரத்துப் பித்தளைக் கன்னார் அப்பாவு ஆசாரி செஞ்சது, பிலவங்க வருஷம். எழுத்தோட தினுசு 1907ன்னு சொல்லுது. ரெண்டாவது வரி, செய்யச் சொன்னவங்க பேரு. பாத்திரத்துல வெட்டுவாங்களே, அந்த மாதிரி. கோயிலுக்குன்னா மேலயே சூலம் வெட்டியிருப்பார். இதுல இல்ல. உங்க தாத்தா பேராத்தான் இருக்கணும். அதைப் படிச்சிட்டா யாரும் வாயைத் திறக்க முடியாது."

இருசப்பன் துணியை அவிழ்க்கவில்லை. வீராசாமியே பிடுங்கி அவிழ்த்தார். பித்தளை புதுசாக மின்னியது.

"தேச்சிட்டேன் சார். பயந்துகினு தேச்சிட்டேன்."

நந்தகுமார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வீராசாமி சத்தம்கூடப் போடவில்லை.

"திருடாதவன் இன்னாத்துக்குடா பேர அழிக்கிறான்?"

உடுக்கை இப்போது கோயில் பீரோவில் இருக்கிறது. திருவிழாவுக்கு வீராசாமி சாவி கொடுத்தால்தான் இருசப்பன் அதைத் தொடுகிறார்.