சொந்த வலை இல்லாத பெட்டி

வைஃபை பெட்டி என்றால் எல்லோருக்கும் இணையம் கொடுப்பது என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். கொடுக்காத பெட்டியும் உண்டு என்று பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்துக்குக் காட்டிக்கொடுத்த பெருமை என்னைத்தான் சேரும்.

சென்னையில் ஒரு கம்பெனியில் எனக்கு நெட்வொர்க் வேலை. எங்கள் பெட்டிகள் சுயமாக எதையும் செய்யாது. ஆபீஸில் இருக்கும் கன்ட்ரோலர் எந்த மோடில் இருக்கச் சொல்கிறதோ அதில் இருக்கும். லோக்கல் மோட் என்றால் போன்களுக்கு இணையம் கொடுக்கும். மானிட்டர் மோட் என்றால் யாருக்கும் எதுவும் கொடுக்காது, அக்கம்பக்கத்து வைஃபைகளை ஒட்டுக் கேட்கும். சொல்லிவைத்தால், பட்டியலில் இல்லாத வைஃபையில் சேரும் போன்களை விரட்டியும் விடும். அப்படி ஒரு பெட்டியைச் சோதித்துப் பார்க்க வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் போன் ஹாட்ஸ்பாட்டை மட்டும் விரட்டச் சொல்ல வேண்டிய இடத்தில் 'எல்லாம்' என்று டிக் போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். எங்கள் வீட்டு வைஃபை பட்டியலில் இருந்ததால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அடுத்த கட்டடம் மீனவர் சங்கம். எங்கள் ஊரில் டவர் பேசுவதற்கு எடுக்கும், இணையத்துக்கு எடுக்காது. காலையில் காற்று எப்படி என்று பார்க்க எல்லோரும் சங்கத்து வைஃபைக்குத்தான் வருவார்கள். ஏரியில் நல்ல இடங்களுக்கெல்லாம் பாடு உண்டு. சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வைப்பார்கள், அன்றைக்கு வேறு யாரும் அங்கே வலை போடக் கூடாது. அந்தச் சனிக்கிழமை பெரியப்பா கூட்டத்தின் பாடு. வானம் கறுத்திருந்தது. சங்கத்து வைஃபையில் ஒரு போனும் சேரவில்லை. போனில் காற்றைப் பார்க்காமல் இறங்க மனமில்லாமல் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"பாப்பா, நீதான படிச்ச பொண்ணு, இன்னான்னு பாரு" என்று பெரியப்பா கூப்பிட்டார்.

போனேன். ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன். பத்து பேர் முன்னால் கேபிள்காரரைப் போனில் கூப்பிட்டுத் திட்டினேன். பாவம், பைக்கில் வந்து கம்பத்தில் ஏறினார். அவர் உச்சியில் இருக்கும்போதுதான் என் பெட்டி ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கினேன். எல்லார் போனும் கிணுகிணுத்தது. காற்றே கிடையாது என்று காட்டியது. அதற்குள் நீரோட்டம் திரும்பிவிட்டது, அன்றைய பாடு போயே போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் ஊர்க்கூட்டம். அடுத்தவர் பாட்டைக் கெடுத்தவர் தன் பாட்டைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் முறை. எங்கள் வீட்டுக்கு இருப்பது என் அப்பா, நைனாவின் பாடு, வருகிற புதன்கிழமை. இறால் நன்றாகப் படுகிற சமயம் என்று ஒரு மாதமாக அந்தப் புதன்கிழமையைத்தான் பேசிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

விளக்கம் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். கன்ட்ரோலர், மோட், சிக்னல் என்று பத்து நிமிடம் அளந்தேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"அந்தப் பொட்டி சொந்தமா வலை போடுதா, இல்ல அடுத்தவன் வலைய அறுக்க மட்டும் நிக்குதா?"

"அந்த மோட்ல அதுக்குச் சொந்த வலை இல்லீங்க. அறுக்க மட்டும்தான்."

என் மேனேஜருக்கு இதைப் புரியவைக்க ஒரு வாரம் ஆகியிருந்தது.

பெரியப்பா புதன்கிழமையைக் கேட்டார். நைனா எழுந்து, "குட்த்துர்றேன்" என்றார். எனக்குத் தாங்கவில்லை.

"பொட்டி என்னுது. டிக் போட்டதும் நான்தான். நைனாவுக்கு அது இன்னான்னே தெரியாது. தண்டனைய எனக்குக் குடுங்க" என்றேன்.

தலைவர் தலையை ஆட்டினார். "பொண்ணு சொல்றது நாயம்தான். தப்பு பண்ணவங்க பாட்டத்தான் எடுக்கணும். அப்பன் பாடு அப்பனுக்கே." பெரியப்பாவுக்கு ஊரே வேறொரு நாள் ஒதுக்கும் என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒங்கிட்ட எடுக்க இன்னா கீது? பொம்பளைக்கு ஏது பாடு? போம்மா, வூட்டுக்குப் போ."

கூட்டமே சிரித்தது. நைனாவும் சிரித்தார். புதன்கிழமை தப்பியதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் தண்டனை கிடைக்கவில்லையே என்று வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குக் கோபம் வந்தது.

"அப்ப மொதல்ல எம்பேர்ல ஒரு பாடு எழுதுங்க தலைவரே. அப்பால புடுங்கிக்கோங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.