பாலாம்பிகைக்கு விண்டர் ரயர்

முதல் பனி விழுந்த அன்றே பாலாம்பிகையின் காருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நீதிபதி, கணவர் பேரின்பநாதன். நீதிமன்றம், ரொக்ஸ்பரோவில் அவர்கள் வீட்டுச் சமையலறை.

"டிசம்பருக்கு முதல் சில்லுகளுக்குப் பனி தாங்கிற விண்டர் ரயர் போடாட்டிப் பொலிஸ் பிடிப்பான். உந்தக் கிழட்டுக் காருக்குப் புது ரயர் என்னத்துக்கு? வசந்தம் வரும்வரைக்கும் வீட்டுக் கராஜுக்க கிடக்கட்டும். நான் உம்மை ஏத்தி இறக்குவன்தானே."

ஐம்பது தாண்டி, நாலு தரம் தோற்று லைசன்ஸ் எடுத்தவள் அவள். அந்தச் சிவப்புக் கார்தான் உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே அறை. கர்க்லாண்டில் அவள் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்துக்குப் போகும் வழியில், கார்க் கண்ணாடிகளை உயர்த்திவிட்டு, வாழ்நாளெல்லாம் விழுங்கிய பதில்களை உரக்கச் சொல்லிக்கொண்டு போவாள். போய் இறங்கும்போது மனம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். இதைக் கட்டின புருஷனிடம் எப்படிச் சொல்வது?

"ஓம்" என்றாள். வெங்காயம் உரிக்காமலே கண் கலங்கியது.

திங்கட்கிழமை அவருடைய காரில் வாய் திறக்காமல் போனாள். செவ்வாய்க்கிழமை, அவள் வழக்கமாகப் பேசத் தொடங்கும் சந்தியில் கார் திரும்பியதும் வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது.

"தைப்பொங்கலுக்கு உங்கட அக்கா என்ர வடையைக் கல்லெண்டு சொன்னவ. அவவின்ர பல்லுத்தான் பிழையெண்டு நான் சொன்னனானோ?"

பேரின்பநாதன் ரேடியோவைக் குறைத்தார். "இப்ப ஏனப்பா அக்காவை இழுக்கிறீர்?"

"நான் உங்களோட கதைக்கேல்லை. ரோட்டைப் பாத்து ஓடுங்கோ."

அவள் நிறுத்தத்தான் பார்த்தாள். சத்தியமாகப் பார்த்தாள். ஆனால் அணை உடைந்துவிட்டது. புதன்கிழமை, மகன் பிருந்தன் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வராமல் அவர் கிரிக்கெட் பார்த்த கதை வெளியே வந்தது. வியாழக்கிழமை பனி கொட்டியது. வாகனங்கள் ஊர்ந்தன. அவளுக்கோ நேரம் தாராளமாகக் கிடைத்தது.

"அம்மாளாச்சி, உந்த லைற்றை மாத்து" என்று சிவப்பு விளக்கில் நின்ற பேரின்பநாதன் அம்மனை வேண்டி முணுமுணுத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மெக்கானிக் கணேசலிங்கத்தின் கராஜ் வாசலில் போய் நிறுத்தினார். பாலாம்பிகை காதைக் கூர்மையாக்கிக்கொண்டாள். தன் சிவப்புக் காரை விற்கப்போகிறாரோ?

"இவவின்ர காருக்கு நாலு விண்டர் ரயர் வேணும் தம்பி."

"அண்ணை, காரை விட ரயர் விலை கூட வரும். அக்காவை நீங்களே ஏத்தி இறக்கினால் லாபமெல்லே?"

"லாபத்தை நீ வைச்சிரு. எப்ப பூட்டலாம்?"

பாலாம்பிகை தொண்டையைச் செருமினாள். "திங்கள் வரைக்கும் பொறுக்கலாமேயப்பா. உங்கட அம்மாவைப் பற்றி நான் இன்னும் தொடங்கேல்லை."

"கடையைச் சாத்திப்போடாதை தம்பி! காரைக் கொண்டு இப்பவே வாறம்."

வீட்டுக் கராஜ் சிறையிலிருந்து சிவப்புக் காரை அவளே எடுத்து ஓட்டினாள். கண்ணாடிகள் உயர்ந்தன. மெல்லிய பனியில் பின்னாலேயே வந்த பேரின்பநாதனுக்கு, முன் காருக்குள் அவளுடைய ஒரு கை விரல் நீட்டி ஆடுவது தெரிந்தது. யாருக்கென்று யோசிக்காமல், அவர் இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டு ஓட்டினார்.