மூழ்கியவர் குளமாகிப் பேசலாம்

புஷ்பவல்லி என்னைக் குளத்தில் மூழ்கடித்து ஏழு வருஷம் ஆகிறது. இன்னும் மனசு ஆறவில்லை. என்னை என்றால், விளையாட்டில் நான் எடுத்திருந்த ஆளை. மரகதன் என்ற படகோட்டி. நிஜத்தில் நான் கிள்ளான் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். படிப்பு ஆறாம் ஆண்டோடு சரி.

அவளுக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு போட்டோஸ்டேட் கடையில் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் எழுதியதற்கு அட்டை போடுவாள். மனசெல்லாம் வேறு இடத்தில் இருக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்து, வாயாலேயே கதையை நடத்துகிற விளையாட்டு ஒன்று உண்டு. அதை எப்படிக் கட்டுவது, விதி எதற்கு, தோல்வி எதற்கு என்று வெளிநாட்டுக்காரர்கள் பேசுவதை போனில் கேட்டு எழுதிக்கொள்வாள். வீணாய்ப்போன நகல் தாள்களின் பின்பக்கம்தான் அவள் நோட்டு.

ஞாயிறு மதியம் கடைக்கு விடுமுறை. சாவி அவளிடம் இருக்கும். அவள், நான், பங்சார் துணிக்கடையில் நிற்கும் ஹாசிம், மூன்று பேரும் கண்ணாடிக் கதவை ஒட்டி உட்காருவோம். கதையை நடத்துவது அவள், ஆடுவது நாங்கள் இரண்டு பேர். பகடை கிடையாது. வெளியே அடுத்துப் போகிற வண்டியின் நம்பரில் கடைசி எண் எதுவோ அதுதான் பகடை.

"ரோடு இருந்தா போதும்ணே, யாரும் ஆடலாம்" என்பாள்.

அவள் சுங்கை வேயில், ஈயம் தோண்டிய பள்ளங்களில் தேங்கிய குளங்களைப் பார்த்து வளர்ந்தவள். அவள் கதையில் அப்படி ஒரு குளம் தினமும் பொழுது சாயும்போது இடம் மாறும். அடியில் விளக்கெரியும் தெருக்கள் தெரியும். வெளியே மோனோரயில் போனால், அது தண்ணீருக்குள் போகிற மாதிரி எனக்குக் கேட்கும். அப்படி ஒரு குரல் அவளுக்கு.

முதல் ஞாயிறே என் படகு கவிழ்ந்தது. ஒன்றிலிருந்து நாலுக்குள் வந்தால் கரை. மூன்று தடவை பார்க்கலாம். எட்டு, எட்டு, ஏழு. மரகதன் முடிந்தான். பிறகு இரண்டு மணி நேரம் பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டு ஹாசிம் நடப்பதை வேடிக்கை பார்த்தேன்.

அந்த வாரம் ஜாமில் நின்றபோதெல்லாம் நம்பர்களைப் பார்த்து சிகரெட் பெட்டியில் கோடு போட்டேன். இருநூறு வண்டியில் எட்டில் முடிந்தது முப்பத்தேழு, நாலில் முடிந்தது வெறும் ஒன்பது. பெட்டியை அவள் முன் வைத்தேன்.

"சீனவங்களுக்கு நாலு ஆகாது, எடுக்க மாட்டாங்க. எட்டுன்னா காசு குடுத்து வாங்குவாங்க. ஒன் பகடையே கோணல், தெரியுமா?"

"அண்ணன் செத்தும் கேஸ் நடத்துறாரு லா" என்றான் ஹாசிம்.

அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நம்பர மாத்தறது ஒரு நிமிஷ வேலைண்ணே. நீங்க ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்தீங்களே, அதான் என் தப்பு. தோத்தவருக்கும் கதையில ஒரு வேலை இருக்கணும்."

அன்று எழுதிய விதிதான் இது: மூழ்கியவர் குளமாகிப் பேசலாம். கரையில் நிற்பவருக்குத் தண்ணீரில் என்ன தெரிகிறது என்பதை மூழ்கியவர்தான் சொல்வார்.

"அப்ப மரகதன் பேசலாமா?"

"முடியாதுண்ணே. அவரு போன பொறவுதான் விதி வந்துச்சு."

"நான் சொல்லித்தானே வந்துச்சு?"

"அதுக்காக வளைச்சா, நாளைக்கு விதிய யாரு நம்புவா?"

இதுதான் என் வருத்தம். ஹாசிம் இதுவரை நாலு தடவை குளமாகிவிட்டான்.

ஆனால் கதை நடத்துகிறவர் ஆட முடியாது. அவள் ஒரு தடவைகூடத் தன் குளத்தில் இறங்கியதில்லை. விதிகளைப் புத்தகமாக எழுதி, அதைப் படித்து வேறொருவர் நடத்த, தான் ஆட வேண்டும் என்பது அவள் ஆசை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். இந்த வருஷம் தொண்டையில் கட்டி. அறுத்தால் குரல் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மூன்று வாரத்தில் எழுதி முடித்து, நீல அட்டை போட்டு என்னிடம் நீட்டினாள்.

"ஹாசிம் படிச்சவன், அவன்கிட்ட குடு. நான் வெரல் வச்சுப் படிக்கிறவன்."

"ஒங்களுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்."

துறைமுக வரிசையில் லோரிக்குள் இருந்து படித்தேன். பதினோரு இடத்தில் புரியவில்லை. பதினொன்றையும் மாற்றி எழுதினாள். போன ஞாயிறு நான் நடத்த ஹாசிம் ஆடினான். அவள் வாய் திறக்காமல் மூலையில் உட்கார்ந்து பார்த்தாள். கதை எங்கேயும் நிற்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜன்னலுக்கு வெளியே மழை. குரல் ஏற்கெனவே பாதியாகியிருந்தது.

"வந்ததும் நான் ஆடறேன். பாவம் பாத்து நம்பர மாத்திச் சொல்லிடாதீங்க."

"மூழ்கிட்டீன்னா? கொளம் பேசணுமே."

தலைமாட்டில் இருந்த நகல் தாளைத் திருப்பி, பின்பக்கத்தைக் காட்டினாள்.

"எழுதித் தரேன். நீங்க சத்தமாப் படிங்கண்ணே. வெரல் வச்சே படிங்க."