மைக்செட் அக்காவின் மூன்று நாள்

பேசுவதற்கு முன் தொண்டைக்குழியில் இரண்டு விரலை வைத்து, ரேடியோ குமிழைக் குறைப்பதுபோல் லேசாகத் திருகிக்கொள்வாள். பிறகுதான் வாயைத் திறப்பாள். மூன்று நாளாகத்தான் இந்தப் பழக்கம். அதற்கு முன் அவளுக்குக் குமிழே கிடையாது.

ஊரில் அவளுக்கு 'மைக்செட்' என்று பெயர். பருத்திக்காட்டின் ஒரு கோடியில் நின்று அவள் குரல் கொடுத்தால், மறுகோடியில் குனிந்திருக்கும் நாற்பது பேரும் நிமிர்வார்கள். அந்தக் குரலுக்காகவே ஆள்களை வேலை வாங்கும் மேஸ்திரியாக இருந்தாள். காடு விலைபோனது. அதே இடத்தில், ஏரியைப் பார்த்தாற்போல் சுற்றுலா விடுதி எழும்பியது. உள்ளூர் ஆட்களுக்கே வேலை என்றார்கள். அவளுக்கும் கிடைத்தது, மாடி அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆனால் சத்தமே கூடாதென்பது முதலாளிகளின் உத்தரவு. மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம்.

"பேசாம இருக்கறதுக்குச் சம்பளமா? இத்தனை வருஷமா நான் இனாமாக் கேட்டேனே!" புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. காடும் இல்ல, இதுவும் போச்சுன்னா, நாள் பூரா வீட்லதான் இருப்பேன். உங்க காதுகிட்ட."

சிரிப்பு சட்டென்று நின்றது.

இரண்டு நாள் பூனைபோல் நடந்தாள். மூன்றாம் நாள் காலை, பன்னிரண்டாம் அறைக்காரர் தலை நிறையச் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார்.

"தண்ணி நின்னுபோச்சும்மா!"

மோட்டார் சுவிட்ச் கீழே மேனேஜர் அறையில் இருந்தது. ஓடினாள். குமிழைத் திருகி, பஞ்சு விழுவதுபோல், "சார், மேல தண்ணி வரல" என்றாள். மேனேஜர் புன்னகையோடு தலையாட்டினார். மோட்டார் ஓடவில்லை. மறுபடி போனாள். மறுபடி அதே புன்னகை. திரும்பி வந்தால், நுரைக்காரர் இடுப்புத் துண்டோடு, கண்ணைத் திறக்க முடியாமல், வராந்தாச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

குமிழ் கழன்றது.

"சார்! மோட்டாரப் போடுங்க! மனுஷன் நுரையோட காஞ்சுபோறாரு!"

இருபது கதவுகளும் திறந்தன. ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. மோட்டார் ஓடியது.

எல்லாம் முடிந்தது என்று சேலைமேல் போட்டிருந்த சீருடைக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தவள் முன், மேனேஜர் மூச்சிரைக்க வந்து நின்றார். கையில் நிரந்தர வேலைக்கான தாள்.

"இனிமே எதுன்னாலும் நீங்களே வந்து சொல்லுங்கம்மா. இப்பச் சொன்ன மாதிரியே. என் ரூம் கதவ மட்டும் சாத்திக்கங்க."

தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடினாள். சேதியைப் புருஷனிடம்தான் சொன்னாள். மூன்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

மேனேஜருக்கு இரண்டு காதும் மந்தம் என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று, எல்லோருக்கும் புன்னகைத்துத் தலையாட்டியே காலத்தை ஓட்டியிருக்கிறார். விடுதிக்கு ஆள் எடுத்த நாளில், வேலை கேட்டு வந்த அத்தனை பேரிலும், அவள் சொன்ன பதில் மட்டும்தான் அவர் காதில் விழுந்ததாம்.